மன்னரின் முகம்: உரோமானியப் பேரரசர், சோழ வேந்தர் உருவங்களும் பேராக் தரும் சான்றுகளும்

முன்னுரை

பண்டை மன்னர் ஒருவர் எவ்வாறு தோன்றினார் என்னும் வினாவிற்கு விடை கூறும் பொறுப்பு, வரலாற்றாசிரியரைக் காட்டிலும் கலைஞருக்கே மிகுதியாக வாய்த்திருக்கின்றது. இராசராச சோழன் என்றவுடன் நம் மனத்தில் எழும் உருவம் கல்வெட்டைப் படித்ததனால் எழுந்தது அன்று. யாரோ ஓர் ஓவியரோ சிற்பியோ நடிகரோ தந்த உருவமே அது. அவ்வுருவத்திற்கும் உண்மைக்கும் உள்ள உறவு யாது என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

மன்னர் உருவங்களைப் பற்றிய ஆய்வு மேலைநாடுகளில் பெரிதும் உரோமானியப் பேரரசர்களை மையமாகக் கொண்டே வளர்ந்துள்ளது. அவ்வாய்வு கண்ட உண்மைகளைத் துணையாகக் கொண்டு, சோழ மன்னர் உருவங்களையும், அம்மன்னர்களைப் பற்றிய நினைவு பேராக் மாநிலத்தில் தங்கியிருக்கும் முறையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். உரோமானியர் தம் மன்னரை முகத்தால் நிலைநிறுத்தினர். சோழர் வழிபாட்டு நிலையால் நிலைநிறுத்தினர். மலாய் அரசவை மரபு பெயரால் நிலைநிறுத்தியது. இம்மூன்றும் ஒன்றற்கொன்று வேறானவை. இவ்வேறுபாட்டை உணராது படங்களைக் காட்டுவதனால் வகுப்பறையில் நேரும் குழப்பம் சிறிதன்று.

உரோமில் முகம்

உரோமானிய நாணயங்களில் உயிரோடிருக்கும் ஒருவரின் முகத்தைப் பொறிக்கும் வழக்கம் உரோம் நகரில் சூலியசு சீசரோடு தொடங்கியது. கி.மு. 44இல் வெளியான அந்நாணயங்கள், ஆள்பவரின் முகமே ஆட்சியின் முத்திரை என்னும் கருத்தை நிலைநாட்டின. அவருக்குப் பின் வந்த அகசுதசு இக்கருத்தை முழுமையாகப் பயன்படுத்திக் கொண்டார். அவர் கி.பி. 14இல் இறந்தபோது அகவை எழுபத்தாறை எட்டும் நிலையில் இருந்தார். ஆயினும் அவருடைய சிலைகளில் முதுமையின் கோடு ஒன்றேனும் இல்லை. 1863இல் உரோமிற்கு அருகே பிரிமா போர்ட்டா என்னுமிடத்தில் கண்டெடுக்கப்பட்டு இன்று வத்திக்கானில் உள்ள சிலை, அவரை என்றும் இளைஞராகவே காட்டுகின்றது. கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெசுபாசியனோ வழுக்கைத் தலையும் சுருங்கிய நெற்றியும் கொண்டவராகச் செதுக்கப்பட்டார். ஒருவர் ‘நான் மூவாதவன்’ என்றும், மற்றவர் ‘நான் உழைத்துத் தேய்ந்த படைவீரன்’ என்றும் மக்களுக்கு அறிவிக்க விரும்பினர். இரண்டும் உண்மை முகம் போலவே தோன்றினும், இரண்டும் அரசியல் அறிவிப்புகளே.

முகத்திற்கு இத்துணை ஆற்றல் இருந்தமையால், வீழ்ந்த மன்னரின் முகத்தை அழிப்பதும் அரசியற் செயலாயிற்று. எகிப்தில் கிடைத்து இன்று பெர்லினில் உள்ள வட்ட வடிவ மரப்பலகை ஓவியமொன்று பேரரசர் செவேரசின் குடும்பத்தைக் காட்டுகின்றது. அதில் இளைய மகன் கேட்டாவின் முகம் சுரண்டி எடுக்கப்பட்டுள்ளது. தமையன் கரகல்லா அவனைக் கொன்றபின் இவ்வழிப்பு நிகழ்ந்தது.

பிற்காலக் கலைஞர் இம்முகங்களைத் தேடியபோது பிழைகளும் புகுந்தன. உரோமில் உள்ள மார்க்கசு அவுரேலியசின் குதிரையேற்றச் சிலை, கிறித்தவத்தை ஏற்ற கான்சுடன்டைனின் சிலை எனத் தவறாகக் கருதப்பட்டமையாலேயே உருக்கப்படாமல் தப்பியது என்பர். கர்தினால் கிரிமானி வெனிசு நகருக்கு 1523இல் வழங்கிய மார்பளவுச் சிலையொன்று, சில மாதங்களே ஆண்ட விட்டெல்லியசின் முகமெனக் கொள்ளப்பட்டது. ஓவியர் பலர் அதனைப் பார்த்தே விட்டெல்லியசைத் தீட்டினர். இன்றைய ஆய்வாளரோ அச்சிலை விட்டெல்லியசின் காலத்திற்குப் பிற்பட்ட இரண்டாம் நூற்றாண்டினது என்றும், அது யாருடைய முகம் என்பது தெரியாது என்றும் கூறுகின்றனர். யாரோ ஒருவரின் முகம் சில நூற்றாண்டுகள் பேரரசரின் முகமாக வாழ்ந்தது.

இத்தாலிய ஓவியர் டிசியன் 1536 முதல் 1540 வரை மாந்துவா அரசவைக்காகப் பதினொரு சீசர்களைத் தீட்டினார். அம்மூல ஓவியங்கள் 1734இல் மத்ரித் அரண்மனைத் தீயில் எரிந்தன. ஆனால் அவற்றைப் பார்த்துச் செதுக்கப்பட்ட அச்சுப் படங்கள் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தமையால், மூலம் அழிந்தும் உருவம் அழியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆல்மா-டாடெமா 1871இல் தீட்டிய ஓவியத்தில், கிளாடியசு அரியணையில் அமர்ந்திருக்கவில்லை. திரைக்குப் பின்னால் அஞ்சி ஒளிந்திருக்கின்றார். பேரரசர்களின் மிடுக்கைக் கண்டு சலித்த காலம் அவர்களின் அச்சத்தைக் காண விரும்பியது. ஒவ்வொரு காலமும் தான் கேட்க விரும்பிய வினாவையே பேரரசரின் முகத்திடம் கேட்டுள்ளது என்பது இவற்றால் புலனாகும்.

தமிழ் மண்ணில் உரோமானிய முகங்கள்

உரோமானியப் பேரரசரின் முகம் தமிழர்க்குப் புதியதன்று. அகசுதசு, திபேரியசு ஆகியோரின் நாணயங்கள் தமிழகத்தில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு பெயர்ந்த வாணிகத்தின் எச்சங்கள் அவை. எனவே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ் வணிகர் உரோமப் பேரரசரின் முகத்தைத் தம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தனர்.

பார்த்தவர்கள் அம்முகத்தை என்ன செய்தனர் என்பதே நாம் கருதத்தக்கது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில், பேரரசரின் முகத்திற்குக் குறுக்கே உளியால் வெட்டப்பட்டுள்ளது. அக்காசு இனி நாணயமாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே மதிப்புப் பெறும் என அறிவிக்கும் குறியாக இவ்வெட்டு இருக்கலாம் என அறிஞர் கருதுகின்றனர். வேறு சில காசுகள் துளையிடப்பட்டு அணிகலன்களாயின. கேட்டாவின் முகத்தைச் சுரண்டியவரின் சினம் இங்கே இல்லை. அயல்நாட்டு மன்னரின் முகம் இங்கே அதிகாரம் அற்றது, பொன்னுக்கே மதிப்பு.

ஆயினும் அம்முகம் ஒரு செல்வாக்கையும் விட்டுச் சென்றது. கரூர்ப் பகுதியில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில் மனிதத் தலையுருவும், தமிழ்-பிராமி எழுத்தில் ‘மாக்கோதை’ என்னும் பெயரும் உள்ளன. குட்டுவன் கோதை என்னும் பெயருடைய காசும் உண்டு. காசியல் அறிஞர் இரா. கிருட்டிணமூர்த்தி இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். தலையுருவைக் காசில் பொறிக்கும் இவ்வமைப்பில் உரோமானியக் காசுகளின் தாக்கம் உண்டென்பது பொதுக் கருத்து. தமிழ் மன்னர் ஒருவர் தம் முகத்தைக் காசில் பதிக்க எண்ணிய அரிய தருணம் இதுவெனலாம். ஆனால் இவ்வழக்கம் வேரூன்றவில்லை. பிற்காலச் சோழர் காசுகளில் புலியும் மீனும் வில்லும் நின்றன. இராசராசனின் பெயர் பொறித்த மற்றொரு வகைக் காசில் நிற்கும் உருவம் உண்டெனினும், அது சில கோடுகளால் ஆன அடையாள உருவமேயன்றி ஒருவரின் முகமன்று.

சோழர் படிமங்கள்: வழிபாட்டு நிலை

இவ்வழக்கம் வேரூன்றாமைக்குக் காரணம் கலைத்திறக் குறைவன்று. தெய்வத்தின் முகத்தில் அருளையும் குறுநகையையும் வடித்த சிற்பிகளுக்கு, மன்னரின் முகத்தை வடித்தல் அரிதன்று. அவர்கள் எழுப்பிய வினாவே வேறு. ‘இவர் எப்படி இருந்தார்?’ என உரோமானியச் சிற்பி கேட்டார். ‘இவர் எதன்முன் நின்றார்?’ எனத் தமிழ்ச் சிற்பி கேட்டார்.

மாமல்லபுரம் ஆதிவராகர் குகையில் பல்லவ மன்னரின் உருவங்கள் தேவியரோடு செதுக்கப்பட்டுள்ளன. அவர்கள் யாரென்பதை நமக்கு உரைப்பன, மேலே பொறிக்கப்பட்ட சிம்மவிட்டுணு, மகேந்திரன் என்னும் பெயர்களே. பெயர் இல்லையேல் முகத்தைக் கொண்டு அவர்களை அடையாளங் காண இயலாது. கோனேரிராசபுரத்தில் செம்பியன் மாதேவியார் தம் கணவர் கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடுவதாக ஒரு புடைப்புச் சிற்பம் அமைத்தார். அதன்கீழ் உள்ள கல்வெட்டு, அவ்வுருவம் இன்னாரது என்பதைத் தெளிவாகக் கூறுகின்றது. கணவரை நினைவுகூர விரும்பிய அரசியார் அவரை அரியணையில் அமர்த்தவில்லை. இறைவன் திருமுன் அமர்த்தினார்.

தஞ்சைப் பெரிய கோயில் இம்மரபின் உச்சம். 1010இல் நிறைவுற்ற அக்கோயிலின் கருவறையைச் சுற்றிய உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியப் படலத்தின்கீழ் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எசு. கே. கோவிந்தசாமி 1931இல் அவற்றைக் கண்டறிந்தார். அவற்றுள் முன்னும் பின்னுமாக நிற்கும் இருவரைக் கருவூர்த் தேவரும் இராசராசனும் எனப் பலர் கூறுவர். இவ்வோவியமே பாடநூல்களிலும் மலர்களிலும் இராசராசனின் உருவமாக மீண்டும் மீண்டும் அச்சிடப்படுகின்றது. ஆனால் அவ்வோவியத்தில் பெயர் எதுவும் எழுதப்படவில்லை. எனவே அவ்விருவர் யார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தில்லைக் கூத்தனை மன்னனும் தேவியரும் வணங்குவதாகக் கருதப்படும் மற்றோர் ஓவியமும் அங்குண்டு. இரண்டிலும் வாள் இல்லை, வெற்றிக் கோலம் இல்லை.

அக்கோயிலில் இராசராசனுக்கும் அரசி உலகமாதேவிக்கும் படிமங்கள் எடுப்பிக்கப்பட்டன என்பதற்குக் கல்வெட்டுச் சான்று உள்ளது. கோயிலின் சிரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்த வேளான் அவற்றை எழுந்தருளுவித்தார். அவரே நம்பி ஆரூரர், பரவையார், திருநாவுக்கரசர், திருஞானசம்பந்தர் ஆகியோரின் படிமங்களையும் அளித்தார். அடியாரைச் செய்வித்தவரே அரசரையும் செய்வித்தார் என்பது, அரசரும் அடியார் வரிசையிலேயே வைத்து எண்ணப்பட்டார் என்பதைக் காட்டும். கோயிலிலிருந்து களவு போய் அகமதாபாத்தில் தனியார் அருங்காட்சியகம் ஒன்றில் இருந்த இருபடிமங்களைத் தமிழகக் காவல்துறையின் சிலைத்தடுப்புப் பிரிவு 2018இல் மீட்டுத் தஞ்சைக்குக் கொணர்ந்தது.

கங்கைகொண்ட சோழபுரத்தில் சண்டேசர் தலையில் சிவபெருமான் மாலை சூட்டும் சிற்பம் இராசேந்திரனைக் குறிப்பால் உணர்த்துவதாக ஆய்வாளர் சிலர் கருதுவர். அக்கருத்து ஏற்புடையதாயின், கங்கையும் கடாரமும் கொண்ட வேந்தன் தன்னைச் சிலையில் குனிந்த தலையினனாகவே காட்டினான் என்பது பொருளாகும்.

போர்வெற்றியைச் சோழர் மறந்தாரல்லர். அதனை மெய்க்கீர்த்தியில் சொற்களால் முழங்கினர். கடாரம் முதலான கடல்கடந்த ஊர்களின் பட்டியல் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியிலேயே உள்ளது. வாள் சொல்லில் இருந்தது. கூப்பிய கை கல்லில் இருந்தது. சோழ மன்னரை விளங்கிக்கொள்ள இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

பேராக்: உருவமில்லாப் பெயர்

இனி, மெய்க்கீர்த்தியில் சொல்லப்பட்ட அக்கடலின் மறுகரைக்கு வருவோம். பேராக் கடற்கரையில் கோலா செலின்சிங் என்னும் இடத்தில், சதுப்புநிலத் தொல்லியல் களத்திலிருந்து செந்நிற மணிக்கல் முத்திரை ஒன்று கிடைத்தது. அதில் விட்டுணுவர்மன் என்னும் பெயர் பல்லவ எழுத்தில் உள்ளது. அவர் அரசரோ வணிகரோ என்பது அறியக்கூடவில்லை. அவருக்கு முகமும் இல்லை. பெயர் மட்டுமே எஞ்சியது. பீடோர் ஈயச் சுரங்கத்தில் 1936இல் கிடைத்த எட்டுக் கைகளையுடைய அவலோகிதேசுவரர் படிமம் போன்றவை தெய்வ உருவங்களேயன்றி மன்னர் உருவங்கள் அல்ல.

பேராக் மண்ணோடு சோழ மன்னரை இணைப்பது கல்லோ செம்போ அன்று, ஒரு நூல். 1612இல் துன் சிறீ லானாங் தொகுத்ததாகக் கூறப்படும் ‘செஜாரா மெலாயு’, கலிங்க நாட்டிலிருந்து பெரும்படையுடன் வந்த இராசா சூரன் என்பவனைப் பற்றி உரைக்கின்றது. அவன் டிண்டிங் பகுதியில் இருந்த கங்கா நெகாராவைத் தாக்கி, அதன் அரசனைக் கொன்று, அவ்வரசனின் தங்கையை மணந்தான் என்பது அந்நூல் தரும் செய்தி. கங்கா நெகாரா இன்றைய மஞ்சோங் மாவட்டத்துப் புருவாசை ஒட்டி இருந்திருக்கலாம் என்பர். சூரன், சூலன் என ஏட்டுப் படிகளுக்கிடையே மாறிவரும் இப்பெயரில் ‘சோழன்’ என்னும் சொல்லின் எதிரொலியை வரலாற்றறிஞர் பலர் கேட்டுள்ளனர். 1025ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த இராசேந்திரனின் கடற்படையெடுப்பின் மங்கிய நினைவே இக்கதை எனவும் கருதுவர். எனினும் கதைக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் உள்ளன என்பதை மறத்தலாகாது.

இக்கதை இதனோடு முடிவதில்லை. அம்மன்னன் கண்ணாடிப் பேழையில் கடலுக்கடியில் இறங்கி, ஆழ்கடல் நாட்டு இளவரசியை மணக்கின்றான். அவ்வழித் தோன்றிய மூவர் பலெம்பாங்கின் சிகுந்தாங் மலையில் தோன்றி மலாய் அரச மரபின் முன்னோராகின்றனர். மேலும் அந்நூல் இவ்வழியினர் அனைவரையும் இசுகந்தர் சுல்கர்னைனின், அஃதாவது மாமன்னர் அலெக்சாந்தரின் வழியினராகக் காட்டுகின்றது. பேராக் சுல்தானகம் 1528இல் மலாக்கா சுல்தான் மகமூதின் மகனால் நிறுவப்பட்டது. எனவே இம்மரபின்படி சூலன் பேராக் அரச குடும்பத்தாருக்கும் முன்னோனே. பதினெட்டாம் நூற்றாண்டில் ‘மீசா மெலாயு’ என்னும் பேராக் வரலாற்று நூலை இயற்றியவரின் பெயர் இராசா சூலன். 1869 முதல் 1933 வரை வாழ்ந்த பேராக் சுல்தான் அப்துல்லாவின் மகனும் இராசா சூலன் என்னும் பெயரினரே. கோலாலம்பூர்ச் சாலையொன்றும் இப்பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சோழ நாட்டில் பகைவரை வென்ற வேந்தன், கடல் கடந்த நாட்டில் மூதாதையாக ஏற்கப்பட்டான். இந்நினைவைக் காக்க எவரும் சிலை எழுப்பவில்லை. பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டினர். நினைவைப் போற்ற உருவம் இன்றியமையாததன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று பேராக்கில் இல்லை.

மலாய் இலக்கியத்தில் உரோமுக்கும் இடமுண்டு. கடார அரச மரபைக் கூறும் ‘இக்காயத் மேரோங் மகாவங்சா’, ரூம் நாட்டு இளவரசனின் திருமணப் பயணத்தோடு தொடங்குகின்றது. மலாய் ஏடுகளில் ரூம் என்பது பெரும்பாலும் கான்சுடாண்டிநோபிள் சார்ந்த நாட்டையே குறிக்கும். ஆனால் இக்கதையைத் தழுவி 2011இல் வெளிவந்த மலேசியத் திரைப்படம், அவ்விளவரசனைப் பண்டைய உரோமானியனாகவே திரையில் காட்டியது. ஏட்டில் பெயராக மட்டும் இருந்தவனுக்குத் திரை ஒரு முகத்தையும் உடையையும் தந்தது.

இருபதாம் நூற்றாண்டு: முகம் தேடிய காலம்

குடியேற்ற ஆட்சி, மன்னர் உருவத்தைப் பற்றிய உரோமானியக் கருத்தை மலாயாவிற்கும் கொணர்ந்தது. பிரித்தானிய மன்னரின் தலையுருவம் தாங்கிய நாணயத்தில் கூலி பெற்ற தோட்டத் தொழிலாளர், ஆட்சி என்பதற்கு ஒரு முகம் உண்டென்பதை நாள்தோறும் கண்டனர். ஈப்போவில் 1909இல் எழுப்பப்பட்ட பர்ச் நினைவு மணிக்கூண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 1875இல் கொல்லப்பட்ட பேராக்கின் முதல் பிரித்தானிய ஆட்சி ஆலோசகரின் நினைவாக அமைந்த அதன் சுவரில், மோசே, புத்தர், சேக்சுபியர், டார்வின் உட்பட நாகரிக வரலாற்றின் 44 உருவங்கள் தீட்டப்பட்டுள்ளன. அவற்றுள் நபிகளாரைக் குறித்த உருவம் பிற்காலத்தில் வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. கேட்டாவின் முகத்தைச் சுரண்டியது இகழ்ச்சி. இவ்வுருவத்தை மறைத்தது மதிப்பு. முகத்தை நீக்குதல் என்னும் ஒரே செயல் இருவேறு பண்பாடுகளில் எதிரெதிர்ப் பொருள் தரும் என்பதை மாணவர் ஈப்போ நகரிலேயே நேரில் கண்டறியலாம்.

தமிழரும் தம் மன்னருக்கு முகம் தேடினர். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது, ஓவியர் மணியம் தீட்டிய படங்கள் அருள்மொழிவர்மனுக்கு இளமையும் எழிலும் வாய்ந்த முகத்தைத் தந்தன. 1973இல் ஏ. பி. நாகராசன் இயக்கிய ‘இராசராச சோழன்’ திரைப்படத்தில் சிவாசி கணேசன் அம்மன்னருக்கு முகமும் நடையும் குரலும் தந்தார். மலாயாத் தோட்டங்களில் திடலில் திரைகட்டிப் படம் காட்டும் வழக்கம் இருந்த காலம் உண்டு. அவ்வழக்கத்தில் வளர்ந்த தலைமுறைக்கு வரலாற்று மன்னரும் திரையில் கண்ட மன்னரும் வேறு வேறல்லர். 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வந்த மணிரத்தினத்தின் திரைப்படம் அடுத்த தலைமுறைக்கு மற்றொரு முகத்தை வழங்கியது.

இம்முகங்களைப் பொய்யென ஒதுக்குதல் முறையன்று. டிசியனின் சீசர்களைப் போல இவையும் தம் காலத்தின் வினாவிற்கு விடையாகவே எழுந்தன. தோட்டம் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் இடம்பெயர்ந்த மக்களுக்கு, இம்மண்ணுக்குத் தாம் கூலிகளாக மட்டும் வந்தவரல்லர் எனக் கூறும் ஓர் உருவம் தேவைப்பட்டது. அத்தேவை உண்மையானது. ஆனால் அத்தேவைக்காக வரையப்பட்ட வாளேந்திய உருவத்தைப் பதினோராம் நூற்றாண்டின் சான்றெனக் கொள்வது பிழை.

வகுப்பறையில் படத்தைப் படித்தல்

செய்யுளைப் பதம் பிரித்துக் கற்பிக்கும் நாம், படத்தையும் அவ்வாறே கற்பித்தல் தகும். ஒரு மன்னரின் படத்தைக் காட்டும்போது நான்கு வினாக்களை எழுப்பலாம். இப்படம் எப்போது வரையப்பட்டது? செய்வித்தவர் யார்? உருவத்தை அடையாளங் காட்டுவது முகமா, பெயரா, செயலா? அக்காலத்தவர் அதனை எங்கு நின்று கண்டனர்? தஞ்சை ஓவியத்தையும் மணியத்தின் படத்தையும் அருகருகே வைத்து இவ்வினாக்களைக் கேட்டால், ஆயிரம் ஆண்டு இடைவெளியை இடைநிலைப்பள்ளி மாணவரும் உணர்வர்.

பேராக் ஆசிரியர்க்கு மேலும் ஒரு வாய்ப்பு உண்டு. புருவாசு அருங்காட்சியகத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லும்போது, மெய்க்கீர்த்தி கூறும் செய்தியையும் ‘செஜாரா மெலாயு’ கூறும் கதையையும் ஒருங்கே எடுத்துரைக்கலாம். வென்றவன் என்னும் நினைவை மட்டும் கற்பித்தால், அண்டை வீட்டு மலாய் மாணவன் தோற்றவனின் வழியினனாகிவிடுகின்றான். மூதாதை என்னும் நினைவையும் சேர்த்துக் கற்பித்தால், இருவருக்கும் அப்பெயரில் பங்குண்டு. இவ்வேறுபாடு ஒரு பல்லின நாட்டில் சிறியதன்று.

முடிவுரை

உரோமானியர் விட்டுச் சென்ற முகங்களுள் பலவற்றின் பெயர் இன்று ஐயத்திற்குரியதாகிவிட்டது. சோழர் விட்டுச் சென்ற உருவங்களுள் பெயர் பொறித்தவை ஐயமின்றி நிற்கின்றன. பெயரில்லாதவை விவாதத்திற்கு உரியனவாக உள்ளன. பேராக் அரச மரபோ உருவமின்றியே பெயரைக் காத்தது. இராசராசனின் உண்மை முகத்தை நாம் அறியோம் என்று மாணவரிடம் கூறுவதனால் அவன் பெருமை குன்றாது. அவன் எதன்முன் நின்றான், என்ன எழுதுவித்தான், யாருடைய முன்னோனாக எண்ணப்பட்டான் என்பவற்றை நாம் அறிவோம். முகத்தைக் காட்டிலும் இவையே மிகுதியாகப் பேசுவன.